70 வளைவுகள் ஏறி வந்த லஸ்தர் விளக்கு

போன மார்கழியில் தேவனூர் நாட்டில் இருக்கும் சித்தி வீட்டுப் பரணிலிருந்து மூன்று உரச்சாக்குகளை இறக்கினோம். மிளகோ சாமையோ இருக்கும் என்றுதான் நினைத்தேன். வைக்கோலை விலக்கினால் கண்ணாடி! விரல் நீளத்தில் பட்டை பட்டையாகச் சீவிய தொங்கல்கள். அதற்கு அடியில் அன்னத்தின் கழுத்தைப்போல வளைந்த கண்ணாடிக் கைகள், பச்சை பூத்த ஒரு பித்தளைத் தட்டு.

"லஸ்தர் விளக்கு கண்ணு. ஆச்சி குடுத்தது" என்றார் சித்தப்பா.

இன்று நாம் சாண்ட்லியர் என்று சொல்வதைத்தான் செட்டிநாட்டில் லஸ்தர் என்பார்கள். சரவிளக்கு என்ற நல்ல தமிழ்ப் பெயரும் உண்டு. ஆனால், அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குக் கோயிலில் சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்குதான் ஞாபகம் வரும்.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலையே நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. தேவனூர் நாடும் அதில் ஒன்று. இங்கே வெள்ளைக்காரன் காலத்து அரண்மனை எதுவும் கிடையாது. பிறகு லஸ்தர் எப்படி வந்தது? சித்தப்பா காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையலும் காவலுமாக 22 வருடம் இருந்தவர். பங்காளிகள் சேர்ந்து அந்த வீட்டை இடிக்க முடிவு செய்தபோது, தூண்களும் கதவுகளும் விலை பேசப்பட்டுவிட்டன. பாக்கிச் சம்பளம் கேட்கக் கூச்சப்பட்டு நின்ற சித்தப்பாவிடம் அந்த வீட்டு ஆச்சி, "பணமா குடுக்க எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லப்பா. இதை எடுத்துக்கிட்டுப் போ" என்று இந்த விளக்கைக் காட்டினாராம். திருச்சி, நாமக்கல், காரவள்ளி வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று சாக்குகளும் பஸ்ஸில் வந்து பரணேறின. நான்கு வருடம் யாரும் தொடவில்லை.

இப்போது இறக்கியதற்குக் காரணம், தங்கச்சியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ். ஒரு வியாபாரி போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, "உடைஞ்ச சாமான். 9,000 ரூபாய் தரலாம்" என்றிருந்தார். சித்தப்பாவுக்கு ஒரு ஆசை. விற்கும் முன் ஒரு தடவையாவது இதை முழுசாகத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். "அந்த வீட்ல 22 வருசம் தொடச்சிருக்கேன். எங்க வீட்ல ஒரு நாள் எரியட்டும்."

இந்த இடத்தில்தான் நான் புகுந்து காரியத்தைக் கெடுத்தேன்.

உற்சாகத்தில் மிச்சமிருந்த சரங்களை எல்லாம் மளமளவெனக் கழற்றினேன். போட்டோ எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு போட்டோ எடுக்கிற வேலையில் இருக்கும் எனக்கு, தேவைப்பட்ட அன்று அது தோன்றவில்லை. கழற்றியதை அலுமினியக் குண்டானில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன். கொல்லிமலை மார்கழிக் காலை. கண்ணாடி ஐஸ்போலக் கிடந்தது. 'டிக்... டிக்' என்று இரண்டு சத்தம். இரண்டு தொங்கல்கள் இரண்டிரண்டாகப் பிளந்தன. குளிர்ந்திருக்கும் தடித்த கண்ணாடியில் திடீரென்று சூடு பட்டால் வெளிப்பக்கம் சட்டென்று விரியும், உள்பக்கம் விரியாது. அந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. இது எட்டாம் வகுப்புப் பாடம். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகுதான் தெரிந்தவரிடம் கேட்போம் என்ற புத்தி வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீடுகளின் வாழ்க்கை முழுவதும் அங்கே கடை கடையாகக் கிடக்கும். பர்மா தேக்கில் செய்த தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி, லஸ்தர். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானத்தின் ஆணிவேர் அறுந்தது. அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒரே வீட்டுக்குப் பல பங்குதாரர்கள். பராமரிக்கப் பணமில்லாத வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் இந்தியா சேர்த்தது. பட்டியலுக்காக வீடு காத்திருக்குமா என்ன?

அந்தப் பக்கத்தில் பழைய விளக்குகளைப் பிரித்துக் கோப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு பெரியவரைப் பிடித்தோம். இப்போது ஓய்வில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். தேவனூர் நாட்டில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்றுகொண்டு பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கழுவிட்டியா தாயி?"

"ஆமாங்கய்யா."

"எல்லாரும் அதைத்தான் மொதல்ல செய்றீக. மொதல்ல எண்ணணும். அப்புறம் அளக்கணும். கழுவறது கடைசி."

எண்ணினோம். கைகள் 8, அதில் ஒன்று நடுவில் உடைந்தது. தொங்கல்களுக்கான துளைகள் 96, கையில் இருந்தவை 85, நான் உடைத்த இரண்டையும் சேர்த்து. எந்தத் தொங்கல் எந்த வரிசையில் தொங்கியது என்று தெரியாது. எந்தக் கை எந்தக் குழியில் உட்கார்ந்தது என்றும் தெரியாது. எட்டுக் கைகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மாற்றிச் செருகினால் ஒன்று தூக்கும், ஒன்று தொங்கும். கையால் வளைத்த கண்ணாடி அல்லவா.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். "பித்தளை முனையைத் துடைச்சுப் பாரு" என்றார் பெரியவர். கையின் அடியில் பித்தளைக் குப்பி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் அழுக்குக்கு அடியில் அரத்தால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கையில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, மூன்று... நடுத்தட்டின் குழிகளிலும் அதே கோடுகள்! கடல் கடந்து பெட்டியில் வரும் விளக்கை யாரோ முகம் தெரியாதவர் கோக்க வேண்டும் என்று, செய்தவரே போட்டு அனுப்பிய எண்கள். அந்தக் கோடுகளைப் பார்த்த நிமிடம் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். 22 வருடம் துடைத்தவர் கண்ணில் அது பட்டதே இல்லையாம்.

தொங்கல்களுக்கு எண் கிடையாது. அதற்கு சமையலறைத் தராசு போதுமானதாக இருந்தது. நீளம், எடை இரண்டையும் வைத்துப் பிரித்தால் நான்கு கூட்டமாகத் தானே பிரிந்தன.

அடுத்த கேள்வி, இது எந்த ஊர் விளக்கு? சித்தப்பா "பெல்ஜியம்" என்பார். நம் ஊரில் நல்ல கண்ணாடி என்றாலே பெல்ஜியம்தான், நல்ல பூட்டு என்றால் திண்டுக்கல் என்கிற மாதிரி. உண்மையில் பொஹீமியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த லஸ்தர்கள் ஏராளம். பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனி இந்திய ராஜாக்களையும் ஜமீன்களையும் நம்பி கல்கத்தாவில் கடையே திறந்தது. 1851 லண்டன் கண்காட்சியின் நடுவில் 27 அடி உயரத்தில், 4 டன் கண்ணாடியில் நீரூற்று செய்து நிறுத்தியதும் இதே கம்பெனிதான். எங்கள் விளக்கில் எந்த முத்திரையும் இல்லை. அதனால் ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கண்ணாடியின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1674-ல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் படிகம் போன்ற புதுக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் சேர்த்த கண்ணாடி அந்த முயற்சியில்தான் உருவானது. ஈயம் சேர்ந்த கண்ணாடி கனமாக இருக்கும், தட்டினால் மணிபோல நாதம் நீளும், ஒளியை அதிகமாக வளைத்து வானவில் காட்டும். பட்டை சீவவும் லகுவானது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இருக்கிறதே, அதை இருட்டில் அடித்துப் பாருங்கள் என்றார் பெரியவர். ஈயக் கண்ணாடி பெரும்பாலும் நீலச் சாயலில் மங்கலாக ஒளிரும். மாங்கனீசு சேர்த்த பழைய சாதாரணக் கண்ணாடி பச்சையாக ஒளிரும்.

அடித்தோம். பெரும்பாலானவை நீலம். நான்கு மட்டும் பளிச்சென்று பச்சை!

எங்களுக்கு முன்பே யாரோ இதைப் பழுது பார்த்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ நான்கு தொங்கல்கள் உடைந்து, வேறு கண்ணாடியில் கிட்டத்தட்ட அதே அளவில் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்த நான்கும் இரும்புக் கம்பியில் தொங்கின, துருப்பிடித்து. மற்றவை பித்தளைக் கம்பி. "போலின்னு தூக்கிப் போட்டுறாத தாயி. அதுவும் அந்த வெளக்கோட வயசுதான் இப்ப" என்றார் அவர். போடவில்லை. கம்பியை மட்டும் மாற்றினோம்.

பித்தளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நம் எல்லார் வீட்டிலும் பித்தளை இருக்கிறது, புளியும் இருக்கிறது. சித்தி உருண்டைப் புளியோடு தயாராக நின்றார். குத்துவிளக்குக்குப் புளி சரி. லஸ்தரின் பித்தளைக்கு மேல் மெல்லிய தங்க முலாமோ வார்னிஷோ இருக்கலாம். புளியின் அமிலமும் நம் தேய்ப்பும் சேர்ந்தால் அது திரும்பி வராது. சரி, கடையில் விற்கும் நீல நிறக் கண்ணாடி ஸ்பிரே? அதுவும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் அம்மோனியா இருக்கும். பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் பழைய பகை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் இந்தியாவில் மழைக்காலத்தில் சும்மா வைத்த இடத்திலேயே வெடிப்பு விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும், வளைத்து இழுத்த பித்தளைக்குள் ஒளிந்திருந்த இழுவிசையும் சேர்ந்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கமாக எழுதினார்கள். ஒரு விளக்கு முழுக்கத் தொங்குவது பித்தளையை நம்பித்தான். அதன்மேல் அதே அம்மோனியாவைப் பீய்ச்சுவானேன்?

மூடுபனி வேறு. கொல்லிமலையில் பல நாள் பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பித்தளை பச்சை பூப்பதற்கு அந்த ஈரம் போதும். எங்கள் வைத்தியம் இவ்வளவுதான்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு மிதமான பாத்திர சோப்பு, பழைய வேட்டித் துணி. தண்ணீர் கை பொறுக்கும் அளவுக்குக்கூடச் சூடாக வேண்டாம், சாதா நீர். பச்சையை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்தோம். பளபளப்பு வரவில்லை. தங்கச்சிக்கு அதில் குறைதான். எனக்கு அந்த மங்கல் பிடித்திருக்கிறது.

உடைந்த கைக்கு வருவோம். என் கையில் ஃபெவிக்விக். பெரியவர் போனிலேயே அலறினார். அந்த வகைப் பசை கண்ணாடியில் நிமிடத்தில் பிடிக்கும், ஈரத்தில் சில மாதத்தில் விடும். அது விடும்போது கீழே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. தொங்கலில் ஒரு மூலை சிதைந்தால் தெளிவான ஈபாக்ஸி பசை போதும், பல வருடம் கழித்து லேசாக மஞ்சளாகும், அவ்வளவுதான். பாரம் தாங்குகிற கை வேறு விஷயம். அதை மட்டும் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.

அவர் உடைந்த இரு முனைகளையும் ஈபாக்ஸியில் பொருத்தினார். மேலே இரண்டு அங்குலத்துக்குப் பித்தளைத் தகட்டில் குழாய்போல ஒரு கவசம் செய்து மாட்டினார். "வெளிய தெரியுதேய்யா" என்றேன். "தெரியட்டும். நாளைக்கு இதைக் கழட்டறவனுக்கு இங்க ஒடஞ்சிருக்குன்னு தெரியணும்ல?" என்றார். கையைக் குப்பியில் பதித்திருந்த பழைய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடிந்து போயிருந்தது. அதை ஊறவைத்துச் சுரண்டி, புதிதாக அதே பிளாஸ்டரைத்தான் ஊற்றினார். எம்-சீலோ சிமென்ட்டோ ஊற்றினால் அடுத்த முறை கண்ணாடியை உடைக்காமல் எடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. எங்கள் விளக்கில் பித்தளைக் கிண்ணம் எதுவும் தொலையவில்லை. தொலைந்திருந்தால், மிச்சமிருப்பதை மாதிரியாக வைத்து நாச்சியார்கோயில் பக்கத்துப் பட்டறைகளில் வார்த்து வாங்கலாம் என்றார். காவிரி வண்டலில் அச்செடுத்துக் குத்துவிளக்கு வார்க்கும் கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

குறைந்த தொங்கல்களுக்குப் புதுசு வாங்கினேன். உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத்திலிருந்து வந்தவை என்றார் கடைக்காரர். வளையலும் லஸ்தரும் அந்த ஊரின் பிழைப்பு. ஒரே சங்கடம், பழசு பக்கத்தில் வைத்தால் புதுசு பல் கட்டியது மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. பழைய கண்ணாடியில் மிக லேசான சாம்பல் சாயல் இருக்கும். அதனால் பழையவற்றைக் கண்ணுக்கு நேராக வரும் கீழ் வரிசைகளில் மாட்டிவிட்டு, புதியவற்றை எல்லாம் மேலே உள்வரிசைக்கு அனுப்பிவிட்டோம். நான் பிளந்த இரண்டையும் ஒட்டவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன.

சோதனை இனிமேல்தான். குவாலியரில் 1874-ல் கட்டிய ஜெய்விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் தலா சுமார் மூன்றரை டன்னில் இரண்டு லஸ்தர்கள் தொங்குகின்றன. அவற்றை மாட்டும் முன் கூரைமேல் யானைகளை ஏற்றி நடத்திப் பார்த்தார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. எட்டு என்பார்கள், பத்து என்பார்கள். எங்களிடம் யானை இல்லை, சாமை மூட்டை இருந்தது. விளக்கின் மொத்த எடை 24 கிலோ. ஐந்து மடங்கு தாங்க வேண்டும் என்பது பெரியவரின் விதி. 120 கிலோ. மரத்தில் திருகும் கொக்கியைக் கண்ணால் பார்க்காதே என்றிருந்தார். ஆகவே தச்சர் பலா உத்திரத்தைத் துளைத்து, மேலே அகலமான வாஷரும் நட்டும் வைத்து போல்ட் போட்டார். அதில் 60 கிலோ மூட்டை இரண்டைக் கட்டி ஒரு வாரம் விட்டோம். அந்த ஒரு வாரமும் யாரும் அதன் கீழே படுக்கவில்லை. உத்திரம் அசையவில்லை. விளக்கைத் தொங்கவிட்டபோது, முக்கியச் சங்கிலியோடு, அது அறுந்தால் தாங்குவதற்குத் தளர்வாக இன்னொரு சங்கிலியையும் கோத்தோம்.

வயரிங் விஷயத்தில் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இது மெழுகுவத்திக்காகச் செய்த விளக்கு. கைகள் உள்ளே துளையில்லாத கெட்டிக் கண்ணாடி. பிற்காலத்தில் யாரோ துணி சுற்றிய ரப்பர் வயரை வெளியே கட்டி பல்பு மாட்டியிருந்தார்கள். தொட்டால் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. அதில் கரன்ட் கொடுத்திருந்தால் பித்தளை முழுவதும் மின்சாரம் பாய்ந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு விளக்கு இருந்தால், எரிகிறதா என்று பிளக்கில் செருகிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். வயரை முழுக்க மாற்றி, உலோகப் பாகங்களுக்கு எர்த் கொடுத்த பிறகுதான் சுவிட்ச். நாங்கள் வயரை எடுத்தோம், திரும்பப் போடவே இல்லை. உத்திரத்தில் தனியாக ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்து, அதன் மஞ்சள் வெளிச்சத்தை லஸ்தர்மேல் விழவிட்டோம்.

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் இப்போது தொங்கும் 19 பெல்ஜியம் லஸ்தர்களும் மறுசீரமைப்பின்போது திரும்ப மாட்டப்பட்டவைதான். அந்த அரண்மனையின் சீரமைப்புக்கு 2010-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. படங்களைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். 19-ஐயும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இத யாரு தொடைக்கறாங்க?" என்று கேட்டார்.

தை பிறந்து பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். சுண்ணாம்பு அடித்த சுவரெல்லாம் சின்னச் சின்ன வானவில். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அவற்றைக் கையால் பிடிக்கப் பார்த்தார்கள். சித்தப்பா ஆச்சிக்கு வீடியோ கால் போட்டார். மேட்டுக்குப் போனால்தான் சிக்னல், விளக்கோ வீட்டுக்குள். கடைசியில் வீடியோ எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மேட்டிலிருந்து அனுப்பினோம். ஆச்சியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மேல ஒரு பித்தளைப் பூ இருக்குமே, அதைக் காணமே?" என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு பூ இருந்ததே எங்களுக்குத் தெரியாது. சாக்கை உதறினோம். வைக்கோலுக்குள் கிடந்தது.

அந்த வருட ஃபீஸை மிளகுப் பணத்தில் கட்டிவிட்டார்கள். வியாபாரிக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, இப்போது பல மடங்கு சொல்கிறார். வெளிநாட்டுப் பார்ட்டி ஒன்று இருக்கிறது என்றும் சொன்னாராம். நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய 1972-ம் வருடச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உள்ளூரில் விற்கத் தடை இல்லை என்பதையும் சொன்னேன், மறைக்க முடியாதல்லவா? அடுத்த ஃபீஸ் ஆடியில். வியாபாரியின் நம்பர் சித்தப்பா போனில்தான் இருக்கிறது. போன வாரம் நான் போனபோது ஏணி மேல் நின்றுகொண்டு, ஈரமில்லாத வேட்டித் துணியால் ஒவ்வொரு தொங்கலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.